களத்தில் ஏந்திய துண்டு

பெருநகரில் பவளத்திடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. வரப்பில் மாட்டை விட்டவன், மடையில் தண்ணீரைத் திருப்பியவன், சும்மா நின்று அவளுடைய பயிரைப் பார்த்தவன், எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது. இவளுக்கு ஊரோடு என்ன பகை என்று கேட்கத் தோன்றும். பகைதான். ஊருக்கும் அவளோடு பகைதான். புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். பிள்ளை குட்டி இல்லை. அப்படிப்பட்ட பெண் தாய்வீட்டுக்கு மூட்டை கட்டாமல், செய்யாற்றுப் பக்கம் அவன் விட்டுப்போன நிலத்தைத் தானே பயிரிட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தால் எந்த ஊர் பொறுக்கும்?

எல்லாரையும்விடப் பொறுக்காதவன் கொழுந்தன் வீராசாமி. அண்ணன் நிலம் தனக்குத்தான் வர வேண்டும் என்று அவன் அண்ணன் பாடை கிளம்பிய அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அந்தச் சனத்தில் அறுத்துக் கட்டுவது உண்டு. புருஷன் செத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் முதல் புருஷனின் நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டுக் கட்டிய புடவையோடு எழுந்து போய்விட வேண்டும். பட்டணத்தில் சட்டம் மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது இன்னும் பஸ் ஏறிப் பெருநகருக்கு வந்து சேரவில்லை. பவளம் யாரையாவது கட்டிக்கொள்ள மாட்டாளா என்று வீராசாமி காத்திருந்தான். அவள் வாய்க்குப் பயந்து எவனும் கிட்டே வரவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம். நவரைப் பயிர் நட்டு வேர் பிடித்த நேரம். ஏரித் தண்ணீர் வற்றிவிட்டது, இனிக் கிணற்று ஏற்றம்தான். ஏற்றத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். இன்னொருவர் கீழே கிணற்றோரம் நின்று மரத்தில் தொங்கும் கோலைப் பிடித்து, சால் என்கிற வாளியைத் தண்ணீரில் இறக்கி, மேலே வந்ததும் கவிழ்க்க வேண்டும். மேலே நடப்பவன் உயிர் கீழே இருப்பவர் கையில். பவளத்துக்கு வருஷா வருஷம் மேலே மிதித்தவன் இருசப்பன். அவன் ஒருநாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சின்னவரு வர வேணாம்னுட்டாரும்மா. மீறிப் போனா அறுப்புக்கும் கூப்புட மாட்டாராம். புள்ளக்குட்டிக்காரன் நானு, இன்னா பண்ணுவேன்?"

"போ. போயி அவன் காலையே மிதிச்சிக்கினு கெட!"

இருசப்பன் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக வேறு எவனும் வரவில்லை. வீராசாமி எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டிருந்தான். பயிர் நுனி கருக ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மலேயாக்காரன் அவள் வரப்பில் வந்து நின்றான். பெயர் முத்துகிருஷ்ணன். இந்த ஊர் மண்தான், அவன் தாத்தா காலத்தில் கப்பலேறிய குடும்பம். ஈப்போவில் ரயில்வே ஆபீசில் வேலை, ஆனால் அவனுக்கு உயிர் ஓட்டப்பந்தயம். ஒரு பந்தயத்தில் விழுந்து முழங்கால் மூட்டுப் பிசகி, லீவு போட்டுவிட்டு ஓய்வெடுக்க அத்தை தாயாரம்மாள் வீட்டுக்கு வந்திருந்தான். முழங்காலில் சுற்றுத்துணியும் கையில் தடியுமாக ஊரைச் சுற்றினான். ஊர்ப் பையன்கள் "யார் தொரத்துனதுக்கு ஓடுன?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தத் தடியை அவன் பவளத்தின் வரப்பில் ஊன்றியிருந்தான்.

"யோவ் மலேயா! கண்ணு பொட்டையா? வரப்புல கொம்ப ஊணி ஓட்டை போட்டா தண்ணி எப்டி நிக்கும்?"

"எந்தத் தண்ணி?" என்றான் அவன் வயலைப் பார்த்து. "காஞ்சுல்ல கிடக்கு?"

உண்மையைச் சொன்னதால் பவளத்துக்கு இன்னும் எரிந்தது. அவன் பரம்பரையையே இழுத்து ஏசினாள். அவன் பாட்டுக்கு ஏற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தடியைக் கீழே போட்டுவிட்டு மூங்கிலைப் பிடித்து மேலே ஏறினான்.

"அய்ய, எறங்குய்யா! நொண்டிக்கால வெச்சிக்கினு உயுந்து செத்தா உங்க அத்தைக்கு எவ பதில் சொல்றது?"

"விழுந்தா கிணத்துலதான் விழுவேன். தண்ணிக்குத்தானே நீங்களும் அலையறீங்க?"

வேறு வழியில்லாமல் அவள் கோலைப் பிடித்தாள். முதல் நாள் அவன் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தான், அவளும் ஒவ்வொரு சாலுக்கும் அவனைத் திட்டினாள். ஏற்றப் பாட்டு அவனுக்குத் தெரியாது. மலாய் பாஷையில் சத்து, துவா, தீகா என்று எண்ணிக்கொண்டு நடந்தான். பயிருக்குத் தண்ணீர் பாய்ந்தது.

"கூலி களத்துல தருவேன், நெல்லா" என்றாள் பவளம், அவன் இறங்கும்போது.

"நான் கூலி வாங்கறதில்ல."

"ஏன், சீமான் வூட்டுப் புள்ளையா?"

"ஓடறதுக்குக் காசு வாங்கினா அப்புறம் பந்தயத்துல சேத்துக்கவே மாட்டாங்க. எனக்கு அந்தப் பழக்கம். அதுவும் இந்த ஊர்ல வாங்கவே மாட்டேன்."

காரணத்தைப் பிறகொரு நாள் மேலே நடந்துகொண்டே சொன்னான். அறுவடைக்குப் பிறகு களத்தில் கூலியாட்கள் வரிசையாக வந்து குனிந்து துண்டை விரிப்பார்கள். நிலத்துக்காரர் மரக்காலால் நெல்லை அளந்து கொட்டுவார். அவன் தாத்தாவும் இதே ஊர்க் களத்தில் அப்படித் துண்டு ஏந்தினார். கொட்டியவன் குறைத்துக் கொட்டி, கேட்டதற்குச் செருப்பைத் தூக்கிக் காட்டினான். தாத்தா நெல்லோடு துண்டை உதறிவிட்டு நடந்தவர்தான், கப்பலில் போய்த்தான் நின்றார். "எங்க வீட்டுல அதுக்கப்புறம் யாரும் துண்டு ஏந்தினதில்ல" என்றான். பவளம் முதல் தடவையாக ஒன்றும் திட்டாமல் கேட்டாள்.

அதற்காகச் சண்டை நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூழில் உப்பில்லை என்று அவன் சொன்னால், "உங்க மலேயாவுக்குப் போயி நாஷ்டா துன்னு" என்பாள். சாலைச் சரியாக இறக்கவில்லை என்று அவன் மேலிருந்து கத்துவான். ஒருநாள் கோல் உராய்ந்து அவள் உள்ளங்கை கிழிந்தது. அவன் இறங்கி வந்து, முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவள் கையில் சுற்றினான். "கால் வலிக்குமே" என்றாள். "வலிக்கட்டும், நீ வாயை மூடு" என்றான். அவன் அவளை நீ என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். புருஷன் உயிரோடு இருந்தபோது வாயை மூடச் சொன்னால் அவள் வீட்டைக் கூரையோடு பெயர்த்திருப்பாள். அன்று மூடிக்கொண்டாள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, புருஷன் போன பிறகு அப்படிப் பிடித்ததே அவளுக்குக் கோபமாக இருந்தது.

பங்குனியில் கதிர் தலை சாய்ந்தது. ஏற்றம் மிதித்து மிதித்து அவன் தடியையும் விட்டிருந்தான்.

"சித்திரையில கப்பல்" என்றான். "எங்கூட வா."

"அங்க எனக்கு இன்னா கீது?"

"இங்க எனக்கு என்ன இருக்கு?"

"நான் கீறேன்ல?" என்று கத்தினாள். கத்தியதும் வெட்கம் வந்துவிட்டது. வெட்கத்தை மறைக்க இன்னும் இரண்டு திட்டுத் திட்டினாள். பேச்சு அங்கேயே அறுந்தது.

வீராசாமி இதற்குத்தான் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். நெல் அறுத்துக் களத்துக்கு வந்ததும் நாட்டாண்மை வேதகிரியிடம் போய்ப் பஞ்சாயத்து வைத்தான். ஊரைக் கூட்டி, சபையில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகவே கேட்டான்.

"அண்ணி மேல நான் அபாண்டம் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். கூலியே வாணாம்னு ஒருத்தன் தெனமும் ஏத்தம் மிதிக்கறான். கூலி வாங்கிக்கினா கூலிக்காரன். வாங்காதவன் யாரு? அவன் வாயாலயே, கூலி வாங்கறதில்லன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியறான்."

"உனக்கு வந்த சீக்கு எனக்குத் தெரியும்டா!" என்று பவளம் எழுந்தாள். வேதகிரி கையமர்த்தினார்.

"பேஜாரே வாணாம்மா. நாளைக்குக் களத்துல ஊரு பாக்க அந்தப் புள்ள துண்டு ஏந்தி உன் கையால நெல்லு வாங்கிக்கட்டும். வாங்கிக்கினா அவன் கூலியாளு, நெலம் உன்னுது, வீராசாமி இனிமே வாய் தொறக்கக் கூடாது. ஏந்தலன்னா அவன் உன் ஆளு. அறுத்துக் கட்டுனவ நெலத்த வுட்டுடணும். இதான் ஊர்க்கட்டு."

பவளம் நேராகத் தாயாரம்மாள் வீட்டுக்குப் போனாள். அவன் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பொட்டலத்தைச் சுவரில் எறிந்தான்.

"நானா? இந்த ஊர்க் களத்துலயா? எங்க தாத்தா உதறின துண்டை நான் விரிக்கணுமா?"

"உன்ன எவ விரிக்கச் சொன்னா?"

"பின்ன எதுக்கு வந்து சொல்ற? நிலம் வேணும்னுதானே?"

இங்கேதான் அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். வரும் வழியிலேயே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அவன் துண்டு ஏந்தாமல் நின்றால் மரக்காலை வீராசாமி காலடியில் போட்டுவிட்டு, கட்டிய புடவையோடு முத்துகிருஷ்ணன் பின்னால் போய்விடுவது என்று. அதைத்தான் சொல்ல வந்தாள். ஆனால் நிலத்துக்காக வந்தவள் என்று அவன் சொன்னதும் ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"ஆமாண்டா, நெலம்தான் வேணும்! நீ யாரு எனக்கு? இஷ்டப்படி செஞ்சிக்கோ!"

ஊரில் எத்தனை பேரை ஏசியிருப்பாள்? அத்தனை பேரும் அவள் பேச்சைக் காற்றில் விட்டவர்கள். அவள் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் களத்தில் ஊரே கூடியிருந்தது. அறுப்பு முடிந்து அடித்துத் தூற்றிய நெல் குவியலாகக் கிடந்தது. பவளம் மரக்காலோடு நின்றாள். நிலம் எப்படியும் தனக்குத்தான் என்று வீராசாமி அறுப்புக்கு ஆட்களைத் தடுக்காமல் விட்டிருந்தான். அறுப்புக்கு வந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் இருசப்பன். குனிந்து, இரண்டு கையாலும் துண்டை விரித்து, எப்போதும்போல "போடுங்கம்மா" என்றான். போட்டாள். அடுத்தவன் வந்தான். அவள் கண் மலேயாக்காரனைத் தேடியது. அவன் கால்சட்டையும் சட்டையுமாகத் தூரத்தில் தனியாக நின்றான். நிற்கட்டும், அப்படியே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மரக்காலை எப்போது கீழே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை முடிந்தது. வீராசாமி தொண்டையைக் கனைத்தான்.

முத்துகிருஷ்ணன் நடந்து வந்தான். கால் துளியும் நொண்டவில்லை. இருசப்பன் நெல்லைக் கொட்டிவிட்டுத் தோளில் போட்டிருந்த பழைய துண்டைக் கேட்டு வாங்கினான். அவன் முதுகு வளையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இருசப்பன் வளைந்த அளவுக்கே வளைந்து, துண்டை விரித்தான்.

"போடுங்கம்மா" என்றான்.

பவளம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. போடாவிட்டால் அவன் குனிந்தது வீணாகிவிடும். குவியலில் மரக்காலை அமுக்கி, விளிம்புக்கு மேல் குவியத் தலை கட்டி அளந்து கொட்டினாள். அவன் துண்டை முடிச்சுப் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு போனான். வேதகிரி தீர்ந்தது என்றார். வீராசாமி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலமே முத்துகிருஷ்ணன் உத்திரமேரூர் பஸ் ஏறிவிட்டதாகத் தாயாரம்மாள் வந்து அழுதாள்.

அதற்கப்புறம் நிலத்தைப் பற்றி எவனும் பேசவில்லை. அறுபத்தைந்தில் கரண்டு வந்தபோது பவளம் மோட்டார் போட்டாள், ஏற்றமரத்தைப் பிளந்து அடுப்புக்கு வைத்தாள். வாய் மட்டும் அடங்கவில்லை. வரப்புச் சண்டை முற்றினால் வீராசாமி கடைசியாக ஒன்று சொல்வான். "மலேயாக்காரனே உங்கையால கூலி வாங்கித் துன்னுட்டுப் போனான், நீ பெரிய மகாராணிதான்." எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் பவளம் அதற்கு மட்டும் பதில் சொல்லமாட்டாள். சேற்றை அள்ளி வரப்பில் அப்பக் குனிந்துவிடுவாள்.

ஐம்பத்தெட்டில் அவன் பஸ் ஏறிய மறுநாள் விடிந்தும் விடியாமல் அவள் கிணற்றுக்குப் போனாள். ஏற்றமரத்தின் நுனியில் அந்தத் துண்டு முடிச்சோடு தொங்கியது. உள்ளே நெல், ஒரு பிடிகூடக் குறையாமல். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஊர்க்கண்ணில் அது பட்டால் நிலம் போச்சு. முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைத் தாழிட்டாள். குவியலில் கலக்க மனம் வரவில்லை. வைத்திருக்கவும் பயம். உரலில் கொட்டினாள். தீரும்வரை அவளே குத்தி, அவளே பொங்கி, அவளே தின்றாள்.

குத்தும்போதெல்லாம் உலக்கையை ஓங்கி ஓங்கிப் போட்டு அவனைத் திட்டினாள்.

"எவ ஏந்தச் சொன்னா உன்ன? நாசமாப் போறவனே, சும்மா நின்னிருந்தீன்னா நான் வந்திருப்பேனேடா!"