ஏழடிக் கட்டிலுக்குத் தகுதியான ஆள்

லாட்ஜில் ராத்திரி மேனேஜர் வேலை என்பது, ஊரார் தூங்கச் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டு நாம் விழித்திருப்பது. நைட் டூட்டி பார்க்கிற சகோதர சகோதரிகளே, பகலில் தூங்குகிறவனை உலகம் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உத்தமபாளையத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜில் பதினாறு வருஷமாக விழித்திருக்கிறேன். வீடு, குடும்பம் எதுவும் அமையவில்லை. அமைந்தது ஒரு கட்டில். அதைக் காப்பாற்றப் பட்ட பாடுதான் இது.

கட்டில் வந்த விதம்

கோடையில் எங்கள் ஊரில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். தோற்ற அணி மறுநாள் காலையில் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெளியூர் அணிகளில் பாதி எங்களிடம்தான் தங்கும். ஒரு வருஷம் வடக்கிலிருந்து வந்த ஆறே முக்கால் அடி ஆள், கட்டிலைத் தாண்டி நீண்ட காலுக்கு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்துத் தூங்கினான். பக்கெட் உடைந்தது. முதலாளிக்கு ரோஷம் வந்து, அனுமந்தன்பட்டி ஆசாரியை வரவழைத்து ஏழடிக் கட்டில் செய்யச் சொன்னார். ஆசாரி கீழ்த்தளத்து மூன்றாம் நம்பர் அறைக்குள்ளேயே பலகையைக் கொண்டுபோய், ஆடக் கூடாதென்று மூட்டுக்கு மூட்டு ஆப்பு அறைந்து முடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நம்பர் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை. எவரும் தங்க மாட்டார்கள். அதனால் மற்ற நாளெல்லாம், ஐந்தேகாலடி ஆளான நான் பகலில் அந்த ஏழடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கினேன். போட்டி வந்துவிட்டால் எனக்கு வரவேற்பறை பெஞ்ச். "யாரு பெரிய ஸ்டாரோ அவுகளுக்குக் கட்டிலக் குடு" என்றார் முதலாளி. யார் பெரிய ஸ்டார் என்று யார் சொல்வது என்று கேட்டேன். "நைட்டெல்லாம் போன்ல அந்த அமெரிக்கா கூடைப்பந்து ஆட்டத்தத்தானப்பா பாத்துக்கிட்டுக் கெடக்க? நீயே முடிவு பண்ணு!"

திராட்சை நியாயம்

சுருளிப்பட்டி ராசண்ணன் திராட்சை புரோக்கர். வாரத்தில் மூன்று நாள் எங்கள் லாட்ஜில்தான். சாயங்காலம் நான் டூட்டிக்கு உட்கார்ந்ததும் வந்துவிடுவார். நாற்பது புள்ளி போட்டுத் தோற்றவன் பெரியவனா, பத்துப் புள்ளி போட்டுக் கோப்பை வாங்கியவன் பெரியவனா என்று சில வருஷமாகவே எங்களுக்குள் சண்டை. நான் புள்ளிக் கட்சி. கூட ஆடுகிற நாலு பேர் உதவாக்கரை என்றால் அதற்கு ஸ்டார் என்ன செய்வான்?

"மேலாப்புல நல்ல குலையா அடுக்கிட்டு, அடியில வெடிச்ச பழத்தப் போட்டா பெட்டி வெல போகுமா மேனேஜரே?" என்றார். அதில் நல்ல குலையின் தப்பு என்ன என்று நானும் விடவில்லை. அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "குலை மேல தப்பே இல்ல. ஆனா நாம சந்தையில குலையவா விக்கிறோம்? பெட்டியத்தான விக்கிறோம்!"

பேச்சியம்மாக்கா பிடித்தது

உண்மையைச் சொல்கிறேன். புள்ளிக் கட்சியில் நான் சேர்ந்ததே என் தூக்கத்துக்காகத்தான். பெரிய பேர், சொத்தை அணி. அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டுக் கட்டிலைக் கொடுத்தால், இரண்டாம் நாள் தோற்பான், மூன்றாம் நாள் காலையில் கட்டில் எனக்கு. முதலில் ஒரு கம்பெனி அணிக்காரர்: பழைய பேர், புதுத் தொப்பை. அடுத்த வருஷம் ஒருவர் ஆடியதைவிட செல்ஃபிக்கு நின்றது அதிகம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஸ்டார்கள்தானே!

அறை கூட்டுகிற பேச்சியம்மாக்காவுக்குக் கூடைப்பந்து தெரியாது; படுக்கை விரிப்பு தெரியும். மூன்றாம் நம்பர் விரிப்பை உதறிக்கொண்டே ஒருநாள் கேட்டுவிட்டது: "ஏந்தம்பி, நீ கட்டில் குடுத்தவுக ஒருத்தராச்சும் மூணாம் நாளு இங்கன இருந்தாகளா? நீ ஸ்டாரத் தேடுறியா, தோக்குறவுகளத் தேடுறியா?"

ஐஸ் வைத்த முட்டி

இந்தக் கோடையில் கேரளத்திலிருந்து வர்கீஸ் வந்தார். முப்பத்தெட்டு வயசு. ஒரு காலத்தில் பெரிய பேர். இப்போது இரண்டு முட்டியிலும் பட்டை; மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து வைத்துக்கொள்கிறார். கூட வந்ததெல்லாம் அனுபவமில்லாத ஆட்கள். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? போன வருஷம் கோப்பை வாங்கிய அணியின் கேப்டன் கட்டிலுக்குச் சண்டைக்கு வந்தான். அவனுக்கு மகத்துவம் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்து அனுப்பினேன். மறுநாள் காலையில் வர்கீஸ் கண் கலங்க என் கையைப் பிடித்தார்: "சேட்டா, எத்ர வருஷமாச்சு காலு நீட்டி உறங்கி!"

அரையிறுதி

காலை நீட்டி உறங்கியவர் ஜெயித்தார். மறுபடியும் ஜெயித்தார். பெஞ்சில் சுருண்டு படுத்து என் முதுகு கேள்விக்குறி ஆனது. அவர் தோற்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று அரையிறுதிக்குப் போனேன். மனுஷன் குதிக்கவே இல்லை. மற்றவர்கள் எம்பி எம்பி விழ, பந்து எங்கே இறங்குமோ அங்கே போய்ச் சும்மா நின்றார். அவர் போட்டது ஏழெட்டுப் புள்ளி இருந்தால் அதிகம்.

கடைசி நொடிகள், அவர் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து அவர் கையில், வளையத்துக்கு அடியில், இரண்டு பேர் அவர் மேல். அவரே போட்டிருக்கலாம். போடவில்லை. அதுவரை மூன்று முறை தவறவிட்டு முகம் வெளுத்து நின்ற சக ஆட்டக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அவன் போட்டான். விழுந்தது. பக்கத்தில் நின்ற ராசண்ணன் என் கையைப் பார்த்துச் சிரித்தார்: "என்ன மேனேஜரே, கை தட்டுறீக? ஒங்க தூக்கமுல்ல போச்சு!"

வாசல்

இறுதிப் போட்டியிலும் வர்கீஸ் அணியே ஜெயித்தது. எங்கள் முதலாளி உணர்ச்சிவசப்பட்டு மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். "எங்க லாட்ஜு சார்பா அந்த ஏழடிக் கட்டில் வர்கீசுக்கே அன்பளிப்பு!" மைதானமே ஆர்ப்பரித்தது. இந்த முறை நான் கை தட்டவில்லை. எட்டு நாள் பெஞ்ச் போய், ஆயுசுக்கும் பெஞ்ச் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் வேன். ஆறடிக்குக் குறையாத ஐந்து பேர் கட்டிலைத் தூக்கினார்கள். நேராக வரவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கதவைக் கழற்றினார்கள். வரவில்லை. பிரித்தாவது எடுக்கலாம் என்றால், அனுமந்தன்பட்டி ஆசாரியின் ஆப்பு ஒன்றுகூட அசையவில்லை. "ரம்பத்தக் கொண்டாங்கப்பா, நடுவுல அறுத்துருவோம்" என்றார் முதலாளி. வர்கீஸ்தான் கையை நீட்டித் தடுத்தார்: "வேண்டா மொதலாளி, அறுத்தா பின்ன அது ஏழடி அல்லல்லோ." பேச்சியம்மாக்கா விளக்குமாறோடு ரொம்ப நேரமாகக் காத்து நின்றது. அதற்குப் பொறுமை போய்விட்டது. "ஏப்பா, அந்தக் கோப்பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க. அதாச்சும் வாசல்ல நுழையும். எந்தம்பி எட்டு நாளாத் தூங்கல!"

பத்து மணிக்கு அந்த ஏழடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்த முடிவு இவ்வளவுதான்: எட்டு நாள் நம் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு நம்மையே கை தட்ட வைக்கிறவன் எவனோ அவனே பெரிய ஸ்டார்.