டார்லீன் திருத்திய ஒரு ரீபவுண்ட்

மில்வாக்கியில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பாள் டார்லீன் செம்ராவ். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி ஆடும் நாட்களில் ஆட்டக்களத்தின் ஓரத்து மேசையில், என் பக்கத்தில். யார் பந்தைப் போட்டது, கூடையில் விழாமல் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் பிடித்தது என்று அவள் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டுவேன். பதினான்கு வருடங்களாக எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பந்தயச் சந்தை வந்தது. இன்ன ஆட்டக்காரர் இன்று பத்து ரீபவுண்ட் எடுப்பாரா என்று செல்போனிலேயே ‘ஆமாம்’, ‘இல்லை’ வாங்கி விற்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போதே விலை ஏறும், இறங்கும். யாருக்குப் பணம் என்பதற்கு நாங்கள் தட்டும் எண்தான் முடிவு.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம். ஆட்டக்காரன் டெலன் புரூயிட் ஒன்பது ரீபவுண்ட் எடுத்திருந்தான். கடைசி நிமிடத்தில் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்கு மூன்று கைகள் எம்பின.

“புரூயிட், பத்து” என்றாள். தட்டினேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்து குதித்தான்.

அடுத்து ஆட்டம் நின்றபோது, டார்லீன் அந்தக் காட்சியைத் திரையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

“அவன் விரல் படவே இல்ல. பந்து நேரா ஹாஸ்கின்ஸ் கைக்குத்தான் போகுது. மாத்து.”

“பின்னால ஒரு கூட்டமே போனும் கையுமா உக்காந்திருக்கு, டார்லீன்.”

“அவங்களா பந்தப் புடிச்சாங்க? மாத்துடா ராய்ஸ்.”

மாற்றினேன். பத்து, ஒன்பதானது. ஆட்டம் முடிந்ததும் குதித்தவன் மேசைவரை வந்து “குருட்டுக் கிழவி” என்று கத்தினான். காவலர் இழுத்துக்கொண்டு போனார். அவள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

விஷயம் பெரிதானது குடும்பத்துக்குள்தான். டார்லீனின் தங்கை பெயர் ஜோடி; அவள் கணவன் கர்ட் டயர் கடை வைத்திருக்கிறான். அவனும் அன்று ‘ஆமாம்’ வாங்கியிருந்தான். மறுநாள் டார்லீனுக்குப் போன் செய்தான்.

“உனக்குக் கண்ணு அவ்வளவு நல்லாவா தெரியணும்? சரி, போனது போகட்டும். அடுத்த தடவ மாத்தப் போறதா இருந்தா, முன்னாடியே எனக்கு ஒரு எமோஜி தட்டி விடு. யாருக்குத் தெரியப் போகுது?”

“இத நான் மேல சொல்லியாகணும், கர்ட்.”

“சொந்தக்காரனையே மாட்டி விடுவியா?”

“நான் ஒண்ணும் உன்னக் கேக்கச் சொல்லலையே.”

ஆட்ட நிர்வாகத்துக்குப் புகாரை எழுதுவதற்குள் நான்கு தாளைக் கிழித்துப் போட்டதாக என்னிடம் சொன்னாள். கர்ட்டைப் பற்றிக் கவலையில்லை; ஜோடி என்ன நினைப்பாளோ என்பதுதான் அவளை அரித்தது. விசாரணை முடியும்வரை மூன்று வாரம் அவளையே மேசைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். கர்ட்டின் கணக்கை அந்தச் சந்தை மூடிவிட்டது.

ஜோடி ஒன்றரை மாதம் பேசவில்லை. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதாகோயில் கூடத்தில் பொரித்த மீன் விருந்துக்குத் தனியாக வந்து, அக்காள் பக்கத்தில் தட்டை வைத்தாள்.

“அவன் கேட்டது தப்புதான். ஆனா நீ எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. நான் எழுதியிருக்க மாட்டேன்.”

ஜோடி முட்டைக்கோஸ் சாலட்டை அக்காள் பக்கம் நகர்த்தினாள்.

கர்ட் இன்றுவரை பேசுவதில்லை. டார்லீன் இன்னமும் அவன் கடையில்தான் டயர் மாற்றுகிறாள். சாவியைக் கடை ஆளிடம் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை வெளியே நிற்பாள்.