மதிலின் இடது முட்டி

கீப்பருக்கு 'மதில்' என்று பேர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. முப்பத்தெட்டு வயது, கதவை அடைக்கிற உடம்பு. பள்ளிக்கூடத்தில் ஓடத் தெரியாத பயலைக் கோலில் நிறுத்தினார்கள். அன்று நின்றவர்தான், ஹாக்கியே பிழைப்பாகிப் போனது. நல்ல காலத்தில் பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். பிறகு இடது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது.

அந்த முட்டிதான் கல்யாணமும் செய்துவைத்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண், முதலில் முட்டியைப் பார்த்தாள், அப்புறந்தான் முகத்தைப் பார்த்தாளாம். "முட்டியை விட முகம் பரவாயில்லன்னு தோணுச்சு" என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லுவாள். அவர் சிரிக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இப்போது அவர் இருப்பது லீக்கில் கடைசி இடத்திலிருக்கும் அணியில். ரிசர்வ் கீப்பர். போட்டியன்று பேடு கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார், மற்ற நாளெல்லாம் இளசுகள் அடிக்கிற பந்துக்கு முன்னால் நிற்பார். இளசுகள் நாலு பேர்: பட்டாசு, ஒல்லி, இரட்டையர் இரண்டு பேர். காசில்லாத அணி, ஆகவே பத்தொன்பது வயதுப் பயல்களை வளர்த்து எடுப்போம் என்று கோச் கொண்டுவந்த பிள்ளைகள்.

பயிற்சியில் கோல் மழையாகக் கொட்டும். போட்டியில் ஒரு தூறல்கூட விழாது. தொடர்ந்து எட்டுத் தோல்வி. முதலாளி ஆள் நல்லவர்தான், ஆனால் பொறுமை முடிந்துபோனது. "அடுத்த மேட்சும் போச்சுன்னா நாலு பேரும் ஊருக்குப் போகட்டும். நான் தயாரா இருக்கற ஆளுங்களைக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அன்று மதிலுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைகள் இல்லை அவருக்கு. அந்த நாலும் 'அண்ணே அண்ணே' என்று காலைச் சுற்றியே கிடப்பார்கள்.

எட்டாவது தோல்வியைப் பார்க்க அவர் மனைவியும் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏங்க, பசங்க எல்லாரும் ஏன் ஒரே பக்கமா அடிக்கறாங்க?"

"எந்தப் பக்கம்?"

"கீப்பரோட இடது கைப்பக்கம், தரையோட தரையா. அந்தக் கீப்பர் முன்னாடியே அங்க போய் நின்னுக்கறான்."

அவர் கை தானாக இடது முட்டியைத் தடவியது.

"உங்க முட்டியை நான் எத்தனை படம் எடுத்திருக்கேன்! அந்தப் படந்தாங்க இன்னிக்கு கிரவுண்டுல ஓடுச்சு."

மனிதருக்கு வியர்த்துவிட்டது. முட்டி மடங்காததை இரண்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் சமாளித்துவந்தார். இடது பக்கம் தாழ்ந்து வருகிற பந்துக்கு அவரால் விழ முடியாது. விழாமல் "சபாஷ்டா!" என்று கத்திவிடுவார். பயல்களுக்கு விஷயம் தெரியாது, ஆனால் அவர்கள் கைக்குத் தெரிந்துவிட்டது. எங்கே அடித்தால் கோலோ அங்கேயே அடித்துப் பழகிவிட்டார்கள். நாலு போட்டி பார்த்த எதிரணிக் கீப்பர்களுக்கும் அது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை கோச்சிடம் போனார். முட்டியைச் சொன்னால் தன் வேலையும் போகலாம். இருந்தாலும் போனார்.

"கோச், நம்ம பசங்களைக் கெடுத்தது நான்தான்."

"என்னய்யா, குடிக்கக் கத்துக் குடுத்தியா?"

"அதைவிட மோசம். கோல் அடிக்கக் கத்துக் குடுத்துட்டேன்."

விவரம் கேட்ட கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், இதுக்கு நீ எதிரணிங்ககிட்ட முட்டிக்குத் தனியா சம்பளம் வாங்கியிருக்கணும்யா!"

ஆறு நாள்தான் பாக்கி. பழைய விளம்பரப் பலகை ஒன்றைக் கோலின் இடது பாதியில் நிறுத்திக் கட்டினார்கள். வலது பாதிக்கு மதில் காவல். அந்தப் பாதியில் மனிதர் நிஜமாகவே மதில்தான். முதல் நாள் பூராவும் பலகைதான் அலறியது. டமால், டமால்!

"அண்ணே, பந்து தானா அங்க போகுதுண்ணே" என்றான் ஒல்லி.

"பந்துக்கு என்னடா தெரியும்? அடிக்கறது நீ. ஒரு சத்தத்துக்கு ஒரு ரவுண்டு. ஓடு!"

ஓடி ஓடி நாக்குத் தள்ளியது. ஐந்தாம் நாள் பலகைச் சத்தம் அபூர்வமாகிவிட்டது. அவரைத் தாண்டி வலது மூலையில் பட்டாசு ஒரு பந்தைச் செருகினபோது மனிதர் அவனைத் திட்டின திட்டு இருக்கிறதே, அவ்வளவு சந்தோஷமான திட்டை அந்த மைதானம் கேட்டதில்லை.

போட்டி நாள். ஆட்டம் முடிய நாலு நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி கார்னர். எதிரணிக் கீப்பர் வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்து தயாராக நின்றான். பட்டாசு அடித்தான். பந்து வலது மூலையில் போய் உட்கார்ந்தது. கீப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதிலுக்குத் தலைகால் புரியவில்லை. பேடும் ஹெல்மெட்டுமாக மைதானத்துக்குள் ஓடி நாலு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஆட்டம் முடியவில்லை என்பதே மறந்துபோயிற்று. நடுவர் பச்சை அட்டையை நீட்டினார். வாழ்நாளில் வாங்கின முதல் அட்டை! அவர் செய்த கூத்துக்கு இரண்டு நிமிஷம் அணி பத்துப் பேரோடு ஆடவேண்டியதாயிற்று.

"அண்ணே, போய் உக்காருங்கண்ணே!" என்று இரட்டையர் இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மிச்ச ஆட்டம் பூராவும் அவர் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசி விசில் கேட்ட பிறகும் திறக்கவில்லை, மனைவி வந்து தோளை உலுக்கினாள்.

முதலாளி கீழே இறங்கிவந்து கோச்சின் கையைக் குலுக்கினார். "நாலு பசங்களும் இருக்கட்டும்" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். "அந்த ஆளும் இருக்கட்டும். ஆனா அடுத்த மேட்சுக்கு ஒரு கயிறு வாங்கி பெஞ்சோட சேத்துக் கட்டிப் போடுங்க."