நான் படிக்காமல் விட்ட வரி

போன ஞாயிறு ஜொகூர் பாருவில் ஒரு நாடகம் பார்த்தேன். மத்தியானக் காட்சி. முடிந்து வெளியே வரும்போது கதவோரம் நின்ற பெண் ஓர் அட்டையை நீட்டி, ஸ்கேன் செய்து கருத்துச் சொல்லுங்கள் என்றாள். செய்தேன். கைப்பேசியில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நின்றன. அவ்வளவுதான், எழுத இடமில்லை. முட்டி வலியோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு எதைத் தொட்டால் என்ன என்றாகிவிட்டது. ஐந்தையும் தொட்டுவிட்டு ஒப்பனை அறைப் பக்கம் போனேன். என் தோழியின் மகள் தர்ஷினி அதில் நடித்திருந்தாள். பார்க்காமல் போனால் தோழி ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

அறைக்குள் நுழைந்ததும் முகப்பவுடரும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. ஒப்பனையைத் துடைக்க என்னென்னவோ வந்துவிட்ட காலத்தில், யாரோ ஒரு புண்ணியவதி எண்ணெய்ப் புட்டி கொண்டு வந்திருக்கிறாள். உங்களுக்கு அது என்ன வாசனையோ, எனக்கு அது ஒரு நோட்டுப் புத்தகத்தின் வாசனை.

என் இளவயதில் நான் மாசாயில் இருந்தேன். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் நாடகக் குழுவில் இருந்த எல்லோரும் அப்படித்தான். ஷிப்ட் மாறுகிற வாரமெல்லாம் ஒத்திகைக்கு ஒரு கதாபாத்திரம் காணாமல் போகும். ஒருமுறை கதாநாயகன் ஓவர்டைமுக்குப் போய்விட, அவன் இடத்தில் ஒரு நாற்காலியை நிறுத்திக் காதல் காட்சியை ஓட்டினோம். நாற்காலியே தேவலாம் என்றாள் விஜயா. விஜயாவைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும். ஆனால் முதலில் அந்த நோட்டு.

நாடகம் போடுகிற நாளில் பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை, மேலே நீள நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. பார்த்தவர்கள் மனதில் பட்டதை எழுதிவிட்டுப் போவார்கள். ஒப்பனைப் பெட்டியில்தான் அதை வைத்திருப்போம், அதனால் வந்த வாசனை. அடுத்த ஞாயிறு குழு கூடும்போது ஒருவர் அதை உரக்கப் படிப்பார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். பதில் பேசக் கூடாது. படித்து முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மீறியவர்களும் இல்லை.

நானும் ஒருமுறை நடித்தேன், சிரிக்காதீர்கள். ஓடி வந்து சாவுச் செய்தி சொல்லிவிட்டுப் போகிற வேடம். ‘அந்தப் பெண் வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு எங்களிடம் செய்தி சொன்னார். எங்களுக்கு வருத்தம்தான்’ என்று எழுதியிருந்தார்கள். எழுந்து நின்று கேட்டேன். நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு நோட்டைப் படிக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். யார் கையெழுத்தாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

எல்லோரும் பயந்த கையெழுத்து ஒன்று இருந்தது. முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயுடையது. எந்த நேரமும் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிடலாம் என்பதால் கடைசி வரிசையில்தான் உட்காருவார். இரண்டு வரிதான் எழுதுவார். அது அப்படியே தைக்கும்.

விஜயா என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள். பிளாட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். தங்கை மேடை ஏறுவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. தினமும் சண்டை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாசாய்க்குப் பிறகு அதே நாடகத்தின் அடுத்த காட்சி, அவர்கள் பிறந்து வளர்ந்த சாஆ என்ற ஊரில். அவரே வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் அவள் தொடர்ந்து நடிக்கலாம், இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் இதை லைனில் வேலைக்கு நடுவே என்னிடம் சொன்னாள்.

மாசாய்க் காட்சி முடிந்த அடுத்த ஞாயிறு நான் நோட்டைப் பிரித்தேன். விஜயாவைப் பற்றி ஐந்தாறு பேர் எழுதியிருந்தார்கள், எல்லாம் பாராட்டு. அவள் நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில் பாயின் கையெழுத்து. ‘அம்மாவாக வந்த பெண்ணின் முகம் அழுதது. குரல் எங்கள் வரிசைக்கு வரவில்லை, சொல்லிக் கொடுங்கள்.’

கண் அந்த வரியில் நின்றது. சாஆவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. இதைக் கேட்டால் இவள் உடைந்து போவாளே என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். விஜயா நன்றி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கும் ஒரே பெருமை.

சாஆவில் அவள் அண்ணன் தாமதமாகத்தான் வந்தார். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மண்டபத்தில் எட்டு மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. விஜயா மகனை இழந்த காட்சியில் முகம் முழுக்க அழுதாள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்னால் ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே அவரவர் கதை பேச ஆரம்பித்தார்கள், யாரோ சிரிக்கவும் செய்தார்கள். முடிந்ததும் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “நீ வாய அசைக்கிறத பாக்கத்தான் நான் லீவு போட்டு வந்தனா?”

அடுத்த கூட்டத்துக்கு விஜயா வந்தாள், சொல்லிக்கொண்டு போவதற்கு. நடிகர்களும் நோட்டில் எழுதலாம் என்பது எங்கள் வழக்கம். இரண்டு வரி எழுதுகிறேன் என்று என் கையிலிருந்து வாங்கினாள். வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டும்போது பாயின் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். நாடக வசனத்தைப் படிக்கிற மாதிரி உதடு அசையப் படித்தாள்.

“இத நீ படிக்கலயே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“படிச்சிருந்தா ஆறு நாளும் நான் கத்திப் பழகியிருப்பேன்லா,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுதாமலே நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு கல்யாணமாகி மெர்சிங் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். லைனில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தது. நான் அவளைத் தேடிப் போகவில்லை. போயிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

குழுவும் சில வருடங்களில் கலைந்தது. பாதிப் பேர் சிங்கப்பூர் வேலைக்குப் போனார்கள், விடிவதற்கு முன்னே பாலத்தைத் தாண்டுகிறவர்களுக்கு ஒத்திகை எங்கே. பாய் இறந்து, கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது. நோட்டைக் கரையான் தின்றது. இப்போது நடிகர்களின் கன்னத்திலேயே மைக் ஒட்டியிருக்கிறது. கடைசி வரிசைக்கு மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது.

ஒப்பனை அறையில் தர்ஷினி என்னைக் கண்டதும் பாதி துடைத்த முகத்தோடு எழுந்து நின்றாள். அன்று மேடையில் அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மகளை வழியனுப்புகிற அந்த நீண்ட காட்சியில் அவள் முகம் சும்மா இருந்தது. நான் பார்த்தேன்.

“எப்படி இருந்துச்சு ஆன்ட்டி? உண்மைய சொல்லுங்க.”

“சூப்பர்ம்மா,” என்றேன்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க,” என்றாள். சொல்லிவிட்டு உடனே உட்காரவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். களைப்பாக இருந்தது, கார் வேறு தூரத்தில் நின்றது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

“நன்றி ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.