முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு

என் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாத ஒரு மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வந்தது. ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டின் அடியில், கேட்காமல் வேறு மாத்திரை எதுவும் சாப்பிடக்கூடாது என்று எழுதியிருக்கும். நான் அதை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை.

ஓய்வு முடிந்ததும் அவள் மறுபடி தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனாள். வேறு வழி இல்லை. மூணாறுக்கு மேலே நாங்கள் இருக்கும் லயத்து வீடு அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. நான் ஜீப் ஓட்டுகிறவன், என் பேரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அவள் கால் மலையேறும்வரைதான் எங்களுக்குக் கூரை.

மழை பிடித்தால் அட்டை கிளம்பிவிடும். மற்றவர்களுக்கு அட்டை கடித்தால் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். இவளுக்கு நிற்காது, மணிக்கணக்கில் வடியும். சாயங்காலம் அவள் வந்தால் வாசலிலிருந்து அடுப்படிவரை சொட்டுச் சொட்டாகக் கிடக்கும். துடைப்பது நான். துடைத்துக்கொண்டே திட்டுவேன். "ஆடு அறுத்த வீடு மாதிரி ஆக்கி வச்சிருக்க" என்று ஒருநாள் சொன்னேன். அவள் பழந்துணியைக் காலில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் மழைக்காலத்தில் காலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அது நழுவாமல் மேலே ஒரு கயிறு கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். அவரவரே கட்டிக்கொள்வார்கள், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. அந்த ஒரு விரல் சந்தில்தான் அட்டை ஏறுகிறது என்று நான் கண்டுபிடித்தேன். ஜீப்பின் பழைய டியூபை நாடாவாக நறுக்கினேன். காலையில் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தாளுக்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு காலிலும் இழுத்துக் கட்டினேன். சுற்றுலாக்காரர்களின் பெட்டிகளை ஜீப் கூரையில் கட்டிப் பழகிய கை இது. நான் கட்டினால் எந்த வளைவிலும் அசையாது.

"கொஞ்சம் எளக்கி விடுங்க. மரத்துப் போவுது."

"எளக்குனா அட்டை ஏறும். ரத்தத்த யாரு தொடைக்கிறது, உங்கப்பனா?"

அந்த வாரம் ஓர் அட்டையும் ஏறவில்லை. வீட்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே நின்று, இந்த யோசனையை நாலு பேருக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் இடது கால் வலிக்கிறது என்றாள். கவாத்து வெட்டிய செடியின் கட்டையில் கெண்டைக்கால் இடித்துவிட்டதாம். லேசான இடிதான், ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறுகிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. அடுத்த வீட்டு அக்கா, அந்த மாத்திரைதான் காலைப் பிடிக்கிறது என்றாள். சர்ச்சில் ஒருவர் வாயு என்றார். நான் நடிப்பு என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு ஒருநாள் ஓட்டம் போய்விடும். அதனால் கடையில் வலி மாத்திரை வாங்கி, வேளைக்கு ஒன்றாக நானே அவள் வாயில் போட்டேன். மூன்று நாள்.

நாலாம் நாள் காலையில் அவள் கட்டிலைவிட்டு எழவில்லை. பாதத்தின் மேல்புறம் தொட்டால் தெரியவில்லை என்றாள்.

"இன்னிக்கு ஒருநாள் கட்டாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

கும்பிடவும் செய்தாள். நான் மண்டியிட்டு, அந்தக் காலில் வழக்கத்தைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகக் கட்டினேன். "வேலைக்குப் போகலைன்னா லயத்த விட்டு எறக்கிருவான். தெருவுல படுக்கணுமா?" என்றேன். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

பத்து மணிக்குப் பெண்கள் அவளைப் படங்குச் சாக்கில் கிடத்தி மலையிலிருந்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். என் ஜீப்பில்தான் ஏற்றினோம். அக்காவும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கத்தரியால் டியூபை வெட்டியபோது அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"ஆரா இது கெட்டியது?" என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

"அவளேதான் கட்டிக்கிட்டா சார். சொன்னா கேக்க மாட்டா" என்றேன்.

வாயில் அது எப்படி அவ்வளவு வேகமாக வந்ததோ தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். பிறகு என் மனைவி, "ஆமா சார், நானேதான்" என்றாள். டாக்டர் அவளைத் திட்டினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வலித்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், வேளை தவறியிருந்தால் ரத்தம் உறைந்தும் போயிருக்கலாம், இரண்டுமே இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம், வீட்டில் உட்கார்ந்து எவனும் கண்டுபிடிக்க முடியாது, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார். வலி மாத்திரையால் கசிவு கூடியிருக்கிறது, கட்டு நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார். எனக்கு விழவேண்டிய திட்டு முழுவதையும், பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வாங்கினாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றேன். கோழை என்பதைத் தவிர என்னைச் சொல்ல வேறு சொல் இல்லை.

கெண்டைக்காலைக் கீறி ரத்தத்தை எடுத்தார்கள். கால் தப்பியது, பாதம் தப்பவில்லை. மேலே தூக்க வராமல் தொங்குகிறது. சரிவில் இனி அவளால் நிற்க முடியாது. லயத்தைக் காலி செய்ய ஆபீசில் மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

பாதத்தை நிமிர்த்தி வைக்க, பட்டை வைத்த ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். தையல் இழுப்பதால் அவளால் குனிந்து அதை மாட்ட முடியாது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். அவள் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி என்னைவிட்டு அப்பால் வைத்தாள். பிறகு தாங்கியை என் கையிலிருந்து வாங்கி, சுவரைப் பிடித்தபடி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இப்போது தினமும் அப்படித்தான். நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டையை இழுக்கிற சத்தம் கேட்கும்.

"இறுக்கமா இருக்கா?" என்று அக்கா கேட்பாள்.

"கொஞ்சம் எளக்குங்கக்கா" என்பாள் என் மனைவி. அக்கா உடனே இளக்கிவிடுவாள்.