அந்த அண்ணனிடம் எடுத்த திக்கல்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "அந்தத் திக்கிப் பேசற கேரக்டருக்கு எப்படித் தயாரானீங்க?" என்பதுதான். "கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்தேங்க" என்று சொல்லிவிடுவேன். அது பொய்.

எனக்கு ஊர் மாரண்டஹள்ளி. சின்ன வயதிலிருந்தே ஆட்களைக் கவனிப்பதுதான் என் விளையாட்டு. பாலக்கோடு பஸ்ஸில் கண்டக்டர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவது, பக்கத்து வீட்டு அக்கா தமிழில் சண்டையை ஆரம்பித்து கோபம் ஏறியதும் கன்னடத்துக்குத் தாவுவது, எல்லாவற்றையும் அம்மாவிடம் செய்து காட்டுவேன். அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார். தர்மபுரியில் காலேஜ் படித்தபோது, ஆண்டு விழாவில் எங்கள் பிரின்சிபால் மாதிரி நடந்து காட்டி விசில் வாங்கினேன். நடிப்பு என்றால் எனக்கு அவ்வளவுதான். ஆளைப் பார்க்கணும், பிடிக்கணும், எடுத்துக்கணும். நானாக யோசித்து ஒரு மனிதனை உண்டாக்க எனக்கு வராது.

சென்னையில் நாலு வருடம் அலைந்த பிறகு ஒரு வேஷம் கிடைத்தது. கதாநாயகனின் நண்பன், மார்க்கெட்டில் வேலை செய்கிறவன், பேச்சு திக்கும். "அவன் வாயத் தொறந்தாலே தியேட்டர் சிரிக்கணும்" என்றார் டைரக்டர். எனக்கு உடனே ஓர் ஆள் ஞாபகம் வந்தார். அன்றே ஊருக்கு பஸ் ஏறினேன்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்த அண்ணன் அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாதாரணமாகப் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் மாட்டிக்கொள்வார். தாடை மேலே ஏறும், கண் மூடிக்கொள்ளும், வலது கை சட்டைப் பொத்தானைத் திருகும். ஆனால் பெட்டிகளுக்கு நடுவே பலகை மேல் ஏறி ஏலம் கூவத் தொடங்கினால் பாட்டு மாதிரி வரும். ஓர் எழுத்துகூடத் தடுக்காது.

"ஒரு படத்துல மார்க்கெட் ஆளா நடிக்கறேண்ணா. உங்க வேலையக் கத்துக்கணும்" என்றேன். திக்கலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாள் என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி களியும் கீரைக் கடைசலும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் தன் கதையைச் சொன்னார்.

"ப... ப... பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு பேரு சொல்லச் சொன்னாங்க தம்பி. எ... எம்பேரே எனக்கு வரல. எல்லாரும் சிரிச்சாங்க. அ... அன்னைக்கிப் பள்ளிக்கூடத்த விட்டு நின்னவந்தான்."

மண்டியில் எப்படிச் சேர்ந்தார் என்பதையும் சொன்னார். மூட்டை தூக்கத்தான் வந்திருக்கிறார். ஏலம் கூவுகிறவர் வராத ஒரு நாளில், விளையாட்டாக இவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "அ... அங்க ஏறி நின்னா நான் வேற ஆளு தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரை எல்லாமே என் சட்டைப் பையில் இருந்த போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

திரும்பிப் போய் டைரக்டரிடம் செய்து காட்டினேன். ஆபீஸே சிரித்தது. பேரு சொல்ல முடியாத கதையையும் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் தன் பேரைச் சொல்ல முடியாமல் தவிப்பதாக அதை ஒரு சீனாக வைத்துவிட்டார்கள். படம் வந்ததும் அந்த ஒரு சீன்தான் ஓடியது. எல்லார் போனிலும் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து அந்த மண்டிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அவரைப் பார்க்க மட்டும் போகவில்லை. ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்கட்டும் என்றுதான் போனேன். பலகை மேல் வேறு யாரோ நின்று கூவிக்கொண்டிருந்தார். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அவரு வேலைய விட்டு நின்னுட்டாருங்க. ஏலம் கூவறப்ப யாரோ உங்க டயலாக்க எடுத்து விட்டாங்க. எல்லாம் சிரிச்சுட்டாங்க. அப்புறம் அவருக்கு ஏலத்துலயும் வாய் வரல. செமயா பண்ணீங்க சார், ஒரு செல்பி?"

நான் செல்பிக்கு நின்றேன். சிரித்தும் வைத்தேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். தாடை ஏறியது. கை பொத்தானுக்குப் போகவில்லை, நேராக வாய்க்குப் போய் அதை மூடிக்கொண்டது. முன்பு அப்படிச் செய்ய மாட்டார், இது புதுசு என்று என் மனசு குறித்துக்கொண்டது. அந்த நொடியிலும் நான் அவரைப் பார்த்து எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அது உறைத்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. அவர் வார்த்தை வராமலே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அவர் மனைவிதான் பேசினார். "மண்டியில வேல செய்யற அஞ்சு பேர அவரே படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாருங்க தம்பி. எங்க தம்பி நடிச்ச படம், எங்க தம்பி நடிச்ச படம்னு சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனாரு."

சொல்லிவிட்டு அந்த அக்கா எனக்குத் தண்ணி மொண்டு கொடுத்தார்.

"ராயக்கோட்டை மண்டியில ஏலம் கூவக் கேட்டிருக்கோம். அங்க யாரும் அந்தப் படத்தப் பாத்திருக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. சினிமா ஆள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டார்.

"பாத்திருக்க மாட்டாங்கக்கா" என்றேன்.

ராயக்கோட்டையில் அவர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது குத்தகை நிலத்தில் தக்காளி போடுகிறாராம். விளைந்ததை அந்த அக்காதான் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறாராம், அவர் வருவதில்லையாம். போனில் இருந்த பதிவை அழித்துவிட்டேன். அதனால் அவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? அடுத்த படத்தில் திக்கிப் பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். காரணம் கேட்டபோது, ஒரே மாதிரி பண்ண வேண்டாம் என்று பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அங்கேயும் அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

இதோ, இதில் முழுக்க அவரைப் பற்றி எழுதிவிட்டேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை.