தண்ணி டேங்கியடியில் ரயில் நின்ற கடைசி நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. தெமோதரைக்குக் கீழே, ரயில் பாதையோரம் இருந்த எங்கள் தண்ணி டேங்கியடியில் ஆறு பேர் நின்றோம். அப்பா, நான், அடுத்த வீட்டு மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு பெண்கள். அம்மா வரவில்லை. போகிறவர்களின் முதுகைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார். ஊரின் பன்னிரண்டு வீடுகளில் மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக முன்பே போய்விட்டார்கள்.

எங்கள் ஊருக்குப் பெயரே தண்ணி டேங்கிதான். கரி எஞ்சின் மலையேறும்போது தண்ணீர் பிடிக்க அங்கே நிற்கும். அதற்காக ஒரு இரும்புத் தொட்டி, பாதையைப் பார்த்துக்கொள்ள ஒரு கேங்கு, அந்தக் கூலி ஆட்கள் குடியிருக்க வரிசை வீடுகளாக ஒரு லயம். எஞ்சின் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பெண்கள் பெட்டி பெட்டியாக ஓடி வடையும் பேரிக்காயும் விற்றுவிடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் ஜன்னல் முகங்களை எண்ணுவோம். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தாகம் இல்லை. ரயில் நிற்பதும் நின்றுபோனது. கேங்கு ஆட்கள் தெமோதரைப் பக்கம் மாறிப் போனார்கள், சிலர் இந்தியாவுக்குப் போனார்கள். கடைசியில் கேங்கை மேற்பார்க்கும் கங்காணியான என் அப்பாவின் வீடும், அவரோடு வேலை செய்த மாமாவின் வீடும்தான் மிச்சம்.

மாமாவின் இடது கால் வேலையில் தண்டவாளத்துக்கு அடியில் சிக்கி நசுங்கியது, அதன்பின் அவரால் நடக்க முடியாது. இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி அவருக்கும் இந்தியா போக உத்தரவு வந்துவிட்டது. அன்றைய காலை ரயிலில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பலைப் பிடிக்க வேண்டும். தவறினால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. தெமோதரைக்கோ தண்டவாளத்தைத் தவிர வேறு வழியில்லை. நடுவில் இருட்டுச் சுரங்கம் வேறு.

"படிச்சவன் இருக்கான்ல, ஒரு மனு எழுதட்டும்" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டேங்கியடியில் ஒரு நிமிடம் ரயிலை நிறுத்தும்படி, என்னால் முடிந்த அளவு உருக்கமாக எழுதி அனுப்பினேன். பத்து நாள் முன்னால் பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் நடுவில் அந்த நாளின் தேதியும் ஒரு நேரமும் எண்ணில் இருந்தன. மறுப்பதாக இருந்தால் எதற்கு நேரத்தைப் போடப் போகிறார்கள் என்று எனக்குள் நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"என்ன மருமவனே, என்ன போட்டிருக்கு?" என்று மாமா கேட்டார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தனை கண்களுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நிக்கும் மாமா."

"பாத்தியா! கங்காணி பெத்தது கடுதாசியிலேயே ரயில நிறுத்துது!" என்று மாமா சிரித்தார். தெமோதரையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஒரு நடை நடந்து காட்டியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

அன்று காலை பெட்டிகளின் மேல் உட்கார்ந்து மாமா பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஹாலிஎல பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் கேட்டது. வளைந்து வளைந்து ஏறி வரக் கொஞ்ச நேரமாகும். அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எத்தனை நிமிசம் நிக்கும்னு போட்டிருக்கு?"

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அப்பா... அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா. படிக்கத் தெரியல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மாமாவின் காலைப் பார்த்தார். "முந்தியே சொல்லியிருந்தா நேத்தே ஆள் கூட்டியாந்து தூக்கிட்டுப் போயிருப்பேனேடா" என்று மட்டும் சொன்னார். பிறகு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பாதையில் கீழ்நோக்கி ஓடினார்.

அந்த டப்பாவில் இருந்தது தண்டவாளப் பட்டாசு. பாதை உடைந்தாலோ மண் சரிந்தாலோ தண்டவாளத்தில் பொருத்திவைப்பார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும். எண்ணிக் கொடுத்த பொருள். ஆபத்தில்லாமல் ஒன்றை வெடித்தாலும் வேலைக்கே உலை.

மூன்று வெடி. மலை மூன்று முறை திருப்பிச் சொன்னது. ரயில் கிறீச்சென்று டேங்கியடியில் வந்து நின்றது. பின்னாலேயே அப்பாவும் ஓடி வந்தார். சிங்களவரான டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"கங்காணி, பாதை ஒடஞ்சதா?"

"பாதை நல்லா இருக்குங்க ஐயா. ஆளுதான் ஒடஞ்சிருக்கு."

டிரைவர் மாமாவின் காலையும் பெட்டிகளையும் பார்த்தார்.

"நான் ரிப்போட் எழுதணும். தெரியும்தானே?"

"எழுதுங்க ஐயா. முதல்ல ஏத்திக்கிறேன்."

கார்டும் இறங்கி வந்து கைகொடுத்தார். ரயில் நகர்ந்தபோது மாமா என்னைத் திட்டவில்லை. "அடுத்த வாட்டி வெடிய மட்டும் போடு மருமவனே, கடுதாசி வேணாம்!" என்று கத்தினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் கடை நானா கடிதத்தை வாசித்துச் சொன்னார். அங்கே நிறுத்த முடியாது, தெமோதரை ஸ்டேஷனில் வந்து ஏறவும். நான் பார்த்த நேரம், தெமோதரையில் ரயில் புறப்படும் நேரம்.

சில மாதங்களில் மாமாவின் கடிதம் வந்தது. இலங்கையிலிருந்து வெடி போட்டு அனுப்பப்பட்ட ஒரே ஆள் தான்தான் என்று இந்தியாவில் தங்கவைத்த முகாமில் எல்லோரிடமும் சொல்கிறாராம். அப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அதற்குள் பட்டாசின் விலையையும் ஏழு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டு, அவரைச் சாதாரணக் கேங்கு ஆளாக இறக்கி வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பன்னிரண்டாவதாக, எங்கள் வீட்டுக் கதவை அம்மாதான் பூட்டினார்.

போன வருடம் அந்த வழியாக ரயிலில் போனேன். லயத்துக் கூரைகள் இல்லை. தொட்டி துருப்பிடித்து, உள்ளே ஒரு மரம் முளைத்திருந்தது. ஜன்னலில் என்னைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தோட்டத்து ஆட்கள் என்னிடம் கடிதங்களோடு வருகிறார்கள். புரியாததைப் புரியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையைப் பத்து நாள் தாமதமாகச் சொன்னதற்கு நாங்கள் கொடுத்தது மூன்று பட்டாசின் விலை, ஏழு நாள் சம்பளம், அப்பாவின் கங்காணி வேலை, கடைசியாக எங்கள் ஊர்.